பிடித்து வைத்த மூச்சு

ஸ்கேன் மெஷினுக்குள்ளிருந்து பூரணியை வெளியே இழுத்தபோது, அவள் முதல் வேலையாக நிரஞ்சனுக்கு நன்றி சொன்னாள்.

"நல்லா சொல்லிக் குடுத்தீங்க தம்பி. நீங்க மட்டும் காதுல சொல்லாட்டி அந்தப் பொந்துக்குள்ளயே நான் செத்துருப்பேன்."

நிரஞ்சன் மலையகத்துத் தலவாக்கலைப் பையன். கொழும்பில் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை அவனுக்கு. மெஷினை இயக்குகிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மூச்சை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தமிழில் சொல்ல அவனைத்தான் ஒழுங்கு செய்திருந்தார்கள். அவன் பூரணியின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடியே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நானாக்கா? நான் இப்பதானே உள்ள வாறேன். கீழ வார்ட்டுல ஒரு ஆளத் தூக்கக் கூப்பிட்டாங்க. அங்கேயே மாட்டிக்கிட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அவள் உதட்டைப் பிதுக்கி, மேசையிலிருந்த மைக்கைத் தட்டிக் காட்டினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

"மைக்கு நடுவுல செத்துப்போச்சாம். நிப்பாட்டிரலாமுன்னுதான் இருந்தாங்களாம். ஆனா திரையில ஒங்க மூச்சு ஒரு கோடா ஓடுமாம், அது தானா நின்னுச்சாம். நின்னதும் படம் எடுத்தாங்களாம். ஓடிச்சாம், திரும்ப நின்னுச்சாம்." அவன் சிரித்தான். "இவ்வளவு ஆடாம அசையாம யாரும் படம் குடுத்ததில்லையாம். கெட்டிக்காரியாம் நீங்க."

கெட்டிக்காரி என்று பூரணியை யாராவது சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பூரணி அந்தச் செத்த மைக்கையே பார்த்தாள். அவளாக ஒரு தடவைகூட மூச்சைப் பிடிக்கவில்லை. சொன்னதால் பிடித்தாள். சொன்னதால் விட்டாள்.

நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் கொழுந்தெடுக்கிறவள் பூரணி. கல்யாணமான மறு வருஷமே வயிற்றுவலி தொடங்கியது. வலது பக்கம் அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவது போல முறுக்கும். பிறகு ஓட வேண்டும். தேயிலை மலையில் எங்கே ஓடுவது? கூடையை இறக்கிவைத்துவிட்டு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் இறங்கி, செடி மறைவில் உட்கார்ந்துவிட்டு வருவாள். சில நாள் இரத்தமும் போகும். திரும்பி வந்தால் அழகன் கங்காணி தேயிலைச் செடி நிரைக்கு மேலே நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மகாராணி மலைய சுத்திப் பாத்துட்டு வாறாங்க, வழி விடுங்க" என்பான். அன்றைக்கு அரைப் பேர்தான். முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலி.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் போனால் பூச்சி மாத்திரை. அடுத்த மாசம் போனாலும் பூச்சி மாத்திரை. "தேத்தண்ணியக் குறை, மனசத் திடமா வையி" என்று ஒரு புத்திமதியும் கூடவே கிடைக்கும். அவள் வயிற்றில் அத்தனை பூச்சி இருந்திருந்தால் அவை சேர்ந்து ஒரு சங்கமே அமைத்திருக்கும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் வேறு விதமாகப் பேசினார்கள். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்றது மற்றக் கூட்டம். புருஷன் முத்துலிங்கம் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான். நல்ல மனுஷன்தான், ஆனால் கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்கிறவன்.

வலியைவிட அதுதான் அவளை அரித்தது. இருக்கிற வலியை இருக்கிறதென்று ஒரு ஆளாவது ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்து நிரையில் எடுக்கிற நாகலெட்சுமி ஒருத்திதான், "தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும், விடு புள்ள" என்று தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி இவள் கூடையில் போடுவாள்.

எல்லாவற்றையும் மாற்றியது டவுன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து டாக்டர் கமலேஸ்வரி. பூரணியின் எலும்பு துருத்திய தோளைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்து நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார்.

"இது பூச்சி இல்லை. சிறுகுடலுக்குள்ள புண் போல கிடக்கு. அது குழாய் விட்டுப் பாக்கேலாத இடம். கொழும்பில காந்தத்தால படம் எடுக்கிற மெஷின் ஒண்டு இருக்கு. நான் கதைச்சு ஒழுங்கு செய்யிறன். நீங்கள் போகத்தான் வேணும்."

யாரைப் பிடித்தாரோ, எப்படிச் செய்தாரோ, ஒரு சதம் செலவில்லாமல் ஏற்பாடானது. அது யுத்த காலம். கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி, இறக்கி, அடையாள அட்டையைப் புரட்டி, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். வயிற்றைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று எந்தப் பாஷையில் சொல்வது? ஆஸ்பத்திரியில் மூக்குத்தி, மெட்டி, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். இனிப்புமில்லாத உப்புமில்லாத ஒரு தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடிக்கவைத்தார்கள். குடல் விரிந்தால்தான் படம் விழுமாம். வாழ்நாளெல்லாம் அவசரமாக ஓடியவளைப் பார்த்து, இப்போது அடக்கிக்கொண்டு படு என்றார்கள்.

உள்ளே இருட்டு. முகத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளைக் கூரை. சவர்க்காரமும் இரும்பும் கலந்த ஒரு குளிர் வாசனை. பிறகு மெஷின் அடிக்கத் தொடங்கியது. டக், டக், டக், டக். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் சங்கு கிடையாது. விடியுமுன் லயத்து வாசலில் தப்படிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே உடம்பு எழுந்து நிற்கும், பிறகுதான் கண் திறக்கும். அவளுடைய அம்மாவின் உடம்பும் அப்படித்தான் எழுந்தது, அம்மாவைப் பெற்றவளின் உடம்பும் அப்படித்தான். தப்பு அடித்தால் ஒரு குரல் வரும். குரல் சொன்னதைச் செய்ய வேண்டும். யார், எவர் என்று கேட்கிற வழக்கம் மலையில் இல்லை.

அந்த அடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள. மூச்சப் புடி."

ஆம்பிளைக் குரல். வயதான குரல். அதட்டவில்லை. அதட்டத் தேவையே இல்லாத ஒரு குரல். ஹெட்போனுக்குள் அந்தத் தம்பியின் குரல் இப்படித்தான் கேட்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பூரணி பழக்கதோஷத்தில், "சரிங்க" என்றாள். மூச்சைப் பிடித்தாள்.

"விடு."

விட்டாள்.

ஊர் திரும்பியதும் அந்தப் படங்களை டாக்டர் கமலேஸ்வரி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே சிறுகுடல் முடிகிற இடத்தில் சுவர் தடித்து, வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. குரோன்ஸ் நோய் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

"பாத்தீங்களே? நீங்கள் சொன்னது அவ்வளவும் உண்மை. இத்தினை வருசமா இதோட மலை ஏறியிருக்கிறீங்கள்."

பூரணி அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போய் டிஸ்பென்சரி ஐயாவின் மேசையில் போட்டாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நானும் இதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். அவருக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

மாத்திரைகள் வேலை செய்தன. முறுக்கு நின்றது, இரத்தம் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. முழுப் பேர் விழத் தொடங்கியது. கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. வேலையை நிறுத்தி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பூரணி வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புப் புகையும் நனைந்த கம்பளியின் வாடையும் ஒன்றாகக் கலந்து லயம் முழுக்கத் தேங்கி நின்றது. தகரக் கூரையின் ஓட்டை வழியே சொட்டுகிற தண்ணீர், கீழே வைத்த அலுமினியச் சட்டியில் ஒரே தாளத்தில் விழுந்தது. டக், டக், டக்.

"மூச்சப் புடி."

பிடித்துவிட்டாள். நினைக்கும் முன்பே நெஞ்சு நின்றுவிட்டது. துண்டு கையிலேயே இருந்தது. சட்டி அதன்பாட்டுக்குச் சொட்டியது. பிறகு, "விடு."

அன்றிலிருந்து தாளம் எங்கே இருந்ததோ அங்கெல்லாம் அது வந்தது. பெக்டரியில் கொழுந்து அரைக்கிற உருளைகள் ஓடும்போது. பள்ளத்தில் ரயில் பாலம் தாண்டும்போது. முத்துலிங்கம் விறகு பிளக்கும்போது. ஒவ்வொரு தடவையும் பிடிக்கச் சொல்வதற்கும் விடச் சொல்வதற்கும் நடுவில் இருந்த நேரம் கொஞ்சம் நீண்டது. கண்ணுக்குள் பூச்சி பறக்கும். காதில் இரத்தம் இரையும். விட வேண்டும் என்று மனசு கத்தினாலும் உடம்பு கேட்காது. அது அந்தக் குரலுக்குத்தான் கேட்கும். சரிங்க என்று அவள்தானே சொன்னாள்.

டிஸ்பென்சரி ஐயாவிடம் போனாள். அவர் தொண்டைக்கு மாத்திரை கொடுத்தார்.

டவுனுக்குப் போய் டாக்டர் கமலேஸ்வரியிடம் சொன்னாள். அவர் மட்டுமாவது கேட்பார் என்று நம்பிக்கொண்டு போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"குரல் கேக்குதோ? உந்தக் குளிசை சிலபேருக்கு அப்பிடிச் செய்யும், பூரணி. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். சரியாப் போகும், பயப்பிடாதேங்கோ."

"டாக்டரம்மா, மாத்திரை போடுறதுக்கு முன்னுக்கே கேட்டுச்சுங்க. மெஷினுக்குள்ளயே கேட்டுச்சு. அந்தத் தம்பிக்கிட்ட கேளுங்க."

"ஓமோம்," என்றார் அவர், கடுதாசியில் எழுதியபடியே. அந்த 'ஓமோம்' பூரணிக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. வருஷக்கணக்காக எல்லார் வாயிலிருந்தும் கேட்டது. மாத்திரையைக் குறைத்தார்கள். குரல் குறையவில்லை.

முத்துலிங்கம் கடைசியில் கோடாங்கியைக் கூட்டிவந்தான். அவர் வாசலில் விளக்கேற்றி, விபூதி பூசி, உடுக்கையை எடுத்து அடித்தார். உடுக்கை தாளத்துக்கு வந்த உடனே, "மூச்சப் புடி" என்றது குரல், அவர் தோளுக்குப் பின்னாலிருந்தே சொல்வது போல. பூரணியின் முகம் நீலம் பாரித்துப்போனது. கோடாங்கி உடுக்கையை நிறுத்தினார். அவளை உற்றுப் பார்த்தார். தன் தோளுக்குப் பின்னாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகச் சாமான்களை மூட்டை கட்டினார்.

"பேயுமில்ல பிசாசுமில்ல தம்பி. டாக்டருகிட்டயே காட்டுங்க."

டாக்டர் மருந்தைச் சொல்கிறார், கோடாங்கி டாக்டரைச் சொல்கிறார். பூரணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றுவலிக்காவது உள்ளே போய்ப் பார்க்க ஒரு மெஷின் இருந்தது. இதைப் படம் பிடிக்க எந்த ஊரில் என்ன மெஷின் இருக்கிறது? பழைய கிணற்றிலிருந்து தூக்கி எடுத்து, அதைவிட ஆழமான கிணற்றில் போட்டுவிட்டார்கள்.

மாசி மாசம் பனி கொட்டியது. ஒரு நாள் மலையில் குரல் சொல்லி, விடச் சொல்லாமலே இருந்து, பூரணி கூடையோடு கானுக்குள் சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்துத்தான் எழுப்பினார்கள். அரைப் பேர். நாகலெட்சுமி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

"ஒனக்காவது கேட்டுச்சா நாகு? பக்கத்துலதானே நின்ன?"

நாகலெட்சுமி தன் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். "டாக்டரு சொன்னத கேளு பூரணி," என்றாள். "நல்லா இருக்கவளே இப்பிடி சீக்காளி மாதிரி நடிச்சா..." அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

இவளுமா! பூரணி கையை உதறிக்கொண்டாள். ஒரே ஒருத்தி இருந்தாள். இப்போது அவளும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சங்கு ஊதியது. வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் சனம் சேர்ந்தது. புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்கியது. கம்பளிக்கும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குக்கும் உள்ளே நடுங்கிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக ஒரு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் மூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பி, தலைக்கு மேலே ஒன்றுசேர்ந்து, பனியோடு கலந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா களத்தை ஒட்டியிருந்தது; அதில் பால்குடிக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. நாகலெட்சுமியின் சின்னதும் அங்கேதான். கீழே பெக்டரியில் உருளைகள் ஓடத் தொடங்கின.

டக், டக், டக், டக்.

பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

அழகன் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அவள் முறை வந்ததும் நிறுத்தினான். ஆள் சேர்ந்த இடத்தில் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னா பூரணி, இன்னைக்கி மூச்சு கொண்டாந்தியா? இல்ல, வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?"

களம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு புகையாக எழும்பியது. பெரிய வெள்ளைப் புகை. முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அவன் தோளும் குலுங்கியது. நாகலெட்சுமி முந்தானையால் வாயை மூடினாள்.

பூரணிக்குள் ஏதோ அறுந்துபோனது. வருஷக்கணக்கான ஆத்திரம், டிஸ்பென்சரி மேசை, கான், 'ஓமோம்', எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அவள் கங்காணியைப் பார்க்கவில்லை. பெக்டரிச் சத்தம் வந்த பனிப் பக்கமாகத் திரும்பினாள்.

"ஏங்க! எனக்கு மட்டும் சொன்னா போதுமா? இவுங்களுக்கும் ஒரு தடவ சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. அப்பதான் இவுங்க நம்புவாங்க!"

சிரிப்பு இன்னும் பெரிதானது.

அப்போது அது பேசியது. பனிக்குள்ளிருந்து. இத்தனை நாளில் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னது.

"சரி புள்ள."

சிரிப்பு அடங்கியது. தலைகள் திரும்பின. ஒன்று. இரண்டு. எல்லாத் தலைகளும். அழகன் கங்காணியின் வாய் திறந்தபடி நின்றது.

அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

"மூச்சப் புடி."

புகை நின்றது.

ஒரே நேரத்தில். ஒரு நூறு வாயிலும். தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்த வெள்ளை மெல்லக் கலைந்தது. புதிதாக ஒன்றும் எழவில்லை. முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு தெளிவாக அந்தக் களத்தில் முகங்களை அவள் பார்த்ததே இல்லை.

பிள்ளைக்காம்பராவில் அழுகை நின்றது. பாதியில்.

டக். டக். டக்.

பூரணி காத்திருந்தாள். விடச் சொல்லும். இப்போது சொல்லும். சொல்லித்தானே ஆக வேண்டும்?

சொல்லவில்லை.

"விடுங்க," என்றாள். "போதுங்க. நம்பிட்டாங்க. விடச் சொல்லுங்க!"

பனி அசையவில்லை.

அவள் முத்துலிங்கத்திடம் ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "விடுங்க! மூச்ச விடுங்க!" அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. உதடு நீலம். கேட்கிறது அவனுக்கு. ஆனால் அவள் குரலுக்கு உடம்பு பணியவில்லை. நாகலெட்சுமியின் கன்னத்தில் அறைந்தாள். தலை ஆடித் திரும்பி, அதே இடத்துக்கு வந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை.

யாரும் விழவில்லை. வரிசை கலையவில்லை. பெரட்டில் நிற்கிற மாதிரியே நின்றார்கள். எல்லாக் கண்களும் பிதுங்கி, சிவந்து, அவளையே பார்த்தன. அழகன் கங்காணியின் கண்களும்.

அந்தக் கண்களில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை.

கீழே உருளைகள் ஓடிக்கொண்டே இருந்தன. களத்தின் நடுவே பூரணி கத்திக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிரில் அவள் வாயிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது.